மூன்றாவது பிள்ளைக்கு ஒரு சங்கிலி

தம்பி,

உன் அறிவித்தலை நீ எனக்கு அனுப்பவில்லை. ஊரெல்லாம் பார்த்து முடித்த பிறகு, மீன் வாங்கப் போன இடத்தில்தான் நான் அதைப் பார்த்தேன். மீன்காரர் கையைத் துடைத்துவிட்டுத் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "மிஸ், மகன் பெரிய வேலையெல்லாம் செய்யிறார். உங்கட படமும் போட்டிருக்கு" என்றார். நான் பென்சன் எடுத்த அன்று பொன்னாடையோடு எடுத்த படம். திருகோணமலை மாவட்டத்தில் இனிமேல் மூன்றாவது பிள்ளை பெறும் ஒவ்வொரு தமிழ்த் தாய்க்கும், முப்பத்தோராம் நாள் சடங்கில் பிள்ளையின் கழுத்தில் போடுகிற பஞ்சாயுதம் கோத்த தங்கச் சங்கிலி அன்பளிப்பு என்று அதற்குக் கீழே எழுதியிருந்தது. அடுத்த கோடை விடுமுறைக்கு உங்கள் ஊர்ச் சங்கத்தார் எல்லோரும் கனடாவிலிருந்து வரும்போது விழா வைத்துக் கொடுப்பீர்களாம். ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்த மருத்துவமாது தன் கையால் முதல் சங்கிலியைப் போட்டுவிடுவாராம். அந்த மருத்துவமாது, ஊரார் மிஸ் என்று கூப்பிடுகிறவள், நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரைக் கிலோ சூடை மீனை வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் மாதக்கணக்காகப் பேசாமல்தான் இருந்தேன். மகன் தூரத்தில் இருந்துகொண்டு ஊரை நினைக்கிறான், அதுவே பெரிது, வந்த பிறகு ஆறுதலாகக் கதைத்துக்கொள்ளலாம் என்று மனதை அடக்கி வைத்திருந்தேன். போன கிழமை நீ போன் எடுத்தாய். சுகம் விசாரித்தாய், என் முழங்காலைக் கேட்டாய், பிறகு மெல்ல விடயத்துக்கு வந்தாய். "அம்மா, விழாவுக்கு முதல் உங்கட கிளினிக்கில அந்தக் கருத்தடை ஊசி, லூப் எல்லாத்தையும் நிப்பாட்டிப் போடுங்கோ. ஒரு பக்கம் சங்கிலி குடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் ஊசி போட்டா சனம் சிரிக்கும்" என்றாய். சங்கம் இனிக் கர்ப்பிணித் தாய்மாரின் மருந்துக்கு மட்டும்தான் பணம் அனுப்பும் என்றும் சொன்னாய். எனக்கு விசர்தான் வந்தது. போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன், அங்கே எதற்குப் போனேன் என்றே தெரியவில்லை. நீ பகிரங்கமாக எழுதினாய், நானும் பகிரங்கமாக எழுதுகிறேன். இதைச் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் ஒரு எழுத்தும் குறைக்காமல் போடு. நீ போடாவிட்டால் நான் போடுவேன், எனக்கும் அதில் இடம் தந்திருக்கிறாய்தானே.

குழுவில் படிக்கிற மற்றவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் எழுதவேண்டியிருக்கிறது. துறைமுகப் பக்கத்தில், உன் மாமி தருமத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போன சின்ன வீட்டில்தான் எங்கள் கிளினிக் நடக்கிறது. வியாழக்கிழமை மட்டும். என்னைப் போலவே பென்சன் எடுத்த டொக்டரம்மா ஒருவர் சம்பளம் இல்லாமல் வருகிறார். சங்கம் கூரை மாற்றித் தந்தது, மருந்து வைக்கக் குளிர்ப்பெட்டி தந்தது, மாதாமாதம் மருந்துச் செலவுக்கு அனுப்புகிறது, அந்த நன்றி எனக்கு இருக்கிறது. ஊசி, மாத்திரை, லூப், கைத் தோலுக்குள் வைக்கிற குச்சி எல்லாம் அங்கே உண்டு. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்போம், மார்பில் கட்டி பார்ப்போம். வெளியில் சொல்ல வெட்கப்பட்டு வருடக்கணக்காகப் புண்ணோடு திரிந்த பெண்களுக்கு மருந்து கொடுப்போம். பிள்ளை இல்லை என்று அழுதுகொண்டு வருகிற சோடிகளைப் பரிசோதித்துச் சரியான இடத்துக்கு அனுப்புவோம். அப்படி அனுப்பிப் பிறந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டுகிறார்கள். அந்த வீட்டில் பிள்ளையும் வருகிறது, பிள்ளைக்கு இடைவெளியும் வருகிறது. நீ ஒரு பாதியை மட்டும் அறுத்து எடு என்கிறாய்.

அரசாங்கக் கிளினிக்கில் எல்லாம் இலவசம்தானே என்று கேட்டாய். ஓம், இலவசம்தான். என் உத்தியோகக் காலம் முழுக்க நானே சைக்கிளில் கொண்டு திரிந்து கொடுத்தவள், எனக்கு நீ சொல்லித் தரவேண்டாம். ஆனால் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சில நேரம் மருந்து வருவதில்லை. சில பிரிவுகளுக்கு மருத்துவமாதே இல்லை, பக்கத்துப் பிரிவுப் பிள்ளை தன் வேலையையும் பார்த்து அதையும் பார்க்கிறாள். குச்சவெளிப் பக்கத்தில் கருவாடு காயவைக்கிற ஒருத்தி அன்றாடக் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து, "இல்லை, அடுத்த மாதம் வாங்கோ" என்ற பதிலோடு திரும்பினால், அந்த இடைவெளியில் என்ன நடக்கும் என்று ஒரு தாய் மகனுக்கு விளக்கவேண்டிய அவசியம் இல்லை. அவளுக்காகத்தான் எங்கள் கதவு. குறிஞ்சாக்கேணியில் இருந்து வருகிறவள் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டு வருவாள், உப்புவெளியில் இருந்து வருகிறவள் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வருவாள். இருக்கிறவள் பெட்டியில் ஏதாவது போடுவாள், இல்லாதவள் போடாமல் போவாள். யார் போட்டது என்று நாங்களே பார்க்கக்கூடாது என்பதற்காக அந்தப் பெட்டியைத் திரைக்குப் பின்னால் வைத்திருக்கிறோம்.

கிளினிக் தொடங்கிய புதிதில் மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள், வேறு வேறு நாட்களில். முதலில் நம் கோயில் பரிபாலன சபையில் இருக்கிற ஐயா வந்தார். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, "பிள்ளை, எங்கட ஆக்களுக்கு மட்டும்தானே உந்த ஊசி எல்லாம் போகுது? மற்ற ஆக்கள் ஒருத்தரும் எடுக்கிறேல்லையாம்" என்றார். பிறகு கிண்ணியாவில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் ஒருவர் வந்தார், நல்ல மரியாதையான மனிதர். தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை வேறு கதையெல்லாம் கதைத்துவிட்டு, "மிஸ் கோவிக்கக் கூடாது. எங்கட பொம்புளையளுக்குத்தான் இத கூடக் குடுக்கிறதெண்டு ஒரு கதை அடிபடுது" என்றார். மூன்றாவது ஆள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிற சிங்களவர். அவர் சிங்களத்தில் கேட்டார், கேள்வி அதேதான். மூன்று பேருக்கும் நான் சொன்ன மறுமொழியும் ஒன்றுதான். "வியாழக்கிழமை வந்து கிளினிக் வாசல் வாங்கில் வரிசையாக இருக்கிற ஆக்களைப் பாருங்கோ, பிறகு சொல்லுங்கோ." ஒருவரும் வரவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்தார்களா என்று நீ கேட்காதே, நான் சொல்லமாட்டேன். இந்தத் திருகோணமலையில் மூன்று பகுதிக்காரரும் ஒத்துப்போகிற ஒரே விடயம், என் கிளினிக் மற்றவனுக்காக வேலை செய்கிறது என்பதுதான். டொக்டரம்மாவும் நானும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நாலாவது ஆளாக என் சொந்த மகனே வந்து நிற்பான் என்று நான் நினைக்கவில்லை.

உன் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. "எங்கட சனம் குறைஞ்சுகொண்டு போகுது அம்மா, இன்னும் கொஞ்சக் காலத்தில இஞ்ச எங்களைக் கேக்க ஒருத்தரும் இருக்க மாட்டினம்" என்று நீ சொல்லும்போது உன் குரல் கம்மியது எனக்குக் கேட்டது. நீ எதைப் பார்த்து வளர்ந்தாய் என்று எனக்குத் தெரியும். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியது நான். அந்தப் பள்ளிக்கூட அகதி முகாமில் யார் யாரைக் காணவில்லை என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்த சனத்தில் நானும் ஒருத்தி. ஆனால் தம்பி, கொஞ்சம் நின்று யோசி. நம் ஒழுங்கையில் பூட்டிக் கிடக்கிற வீடுகளை நீயே போன முறை வந்தபோது பார்த்தாய். அந்த வீடுகளில் இருந்த பெண்களுக்கு நான் ஊசி போட்டதாலா அவை பூட்டிக் கிடக்கின்றன? என் ஊசியால் குறைந்த சனத்தைவிடக் கட்டுநாயக்கா விமான நிலையத்தால் குறைந்த சனம் எத்தனையோ மடங்கு. அதில் நீயும் ஒருவன், உன் தங்கச்சியும் ஒருத்தி. போனது பிழை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, நகையைக் கழற்றித் தந்து அனுப்பியவளும் நானே. ஆனால் போன நீங்கள், போக வழியில்லாமல் இங்கே இருக்கிறவளைப் பார்த்து, எங்களுடைய இடத்தையும் நீயே பெற்று நிரப்பு என்று சொல்லக்கூடாது. அது அநியாயம்.

உன் வீட்டுக் கதையை நான் இங்கே இழுக்கமாட்டேன். மருமகள் என்னை ஒரு மிஸ்ஸாக நம்பிக் கேட்டவையெல்லாம் எனக்குள்ளேயே இருக்கும். ஆனால் நீ உன் வாயாலே எனக்குச் சொன்ன ஒன்றை எழுதலாம் என்று நினைக்கிறேன். உன் இரண்டாவது பிள்ளை பிறந்து நான் அங்கே வந்து நின்றபோது, இன்னும் ஒன்று என்று நான் பகிடியாகத்தான் கேட்டேன். நீ கையெடுத்துக் கும்பிட்டாய். "ஐயோ அம்மா, ரெண்டு காணும். பிள்ளை பாக்கிற இடத்துக்குக் கட்டுற காசுக்கே ரெண்டு பேரும் மாடா உழைக்கிறம். இதுக்கு மேல அவளுக்கும் ஏலாது" என்றாய். நான் சந்தோசப்பட்டேன். பெண்சாதிக்கு ஏலாது என்பதைக் கவனிக்கிற ஒரு ஆண்பிள்ளையை வளர்த்துவிட்டேன் என்று விமானத்தில் வரும்போதுகூட நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தக் கவனம் உன் வீட்டு வாசலோடு நின்றுவிட்டதே என்பதுதான் என் ஆத்திரம். ரொறன்ரோவில் இருக்கிறவளுக்கு ஏலாது என்றால் ஏலாது. குச்சவெளியில் இருக்கிறவளுக்கு ஏலாது என்றால் சங்கிலி கொடுத்து ஏலப்பண்ணலாமா?

உன் அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன், நீ அப்போது சின்னப்பிள்ளை. தங்கச்சி பிறந்து நாங்கள் முகாமை விட்டு வீட்டுக்குத் திரும்பிய நேரம். துறைமுகக் கந்தோரில் அவரோடு வேலை செய்தவர்களும் உங்கள் அப்பப்பாவும் இன்னொரு ஆண்பிள்ளை வேண்டும், சண்டைக் காலத்தில் ஒன்றை நம்பி இருக்கக்கூடாது என்று கரைச்சல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அப்பா அதிகம் கதைக்கிறவர் இல்லையே. ஒருநாள் என்னைக் கேட்டார், "உமக்கு என்ன விருப்பம்?" எனக்கு இந்த இரண்டையும் உயிரோடு வளர்த்தால் காணும் என்றேன். அடுத்த கிளினிக் நாளில் அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். நான் அங்கே வேலை செய்கிறவள், எல்லோரும் என்னுடைய ஆட்கள், எனக்கு வெட்கமாகிவிட்டது. பெண்கள் நிறைந்த வாங்கில் குடையை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு நான் லூப் வைத்துவிட்டு வரும்வரை அசையாமல் இருந்தார். கந்தோரில் அவரைப் பெண்சாதிதாசன் என்று கன காலம் பகிடி பண்ணினார்கள். அவர் அதற்கு ஒருநாளும் மறுமொழி சொன்னதில்லை. உன்னைப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவும், ரியூசனுக்கு அனுப்பவும், கடைசியில் விமானம் ஏற்றவும் எங்களுக்குக் கை எட்டியது இரண்டு பேரோடு நின்றதால்தான். அதை நீ தெரிந்து வைத்திருக்கவேண்டும்.

இனிச் சந்திராவைப் பற்றி எழுதவேண்டும். அது அவளுடைய பெயர் இல்லை. அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். குச்சவெளி வீதியில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தால் வருகிற ஒரு சின்னக் கிராமம். புருசன் வள்ளத்தில் கூலிக்குப் போகிறவன், நல்ல பொடியன், ஆனால் தாய் சொன்னால் அதற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டான். சந்திராவுக்குச் சின்ன வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. அது முதல் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோதுதான் தெரியவந்தது. இரண்டாவதோடு மரணத்தின் வாசல்வரை போய்த் திரும்பினாள். இனி வேண்டாம், இனி ஒன்றென்றால் தாய் தப்பமாட்டாள் என்று இதய டொக்டர் புருசனையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். இரண்டும் பெண்பிள்ளைகள். குழாய் கட்டுகிற ஒப்பரேசனுக்கு மாமியார்காரி விடவில்லை, ஊசி என்றால் பரவாயில்லை என்றாள். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சந்திரா எங்களிடம் வருவாள். அநேகமாக முதல் ஆளாக வந்து, முற்றத்தைக்கூடக் கூட்டிவிட்டு வாங்கில் இருப்பாள். உன் அறிவித்தல் வந்த பிறகு அவளுடைய முறை வந்தது. அவள் வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. போன் எடுத்தால், காய்ச்சல் மிஸ், வாறன் மிஸ் என்று சொல்லிச் சொல்லியே மாதங்கள் போயின.

கடைசியில் நானே பஸ் ஏறிப் போனேன். என்னைக் கண்டதும் எழும்பி நின்றாள், சேலைத் தலைப்பை வயிற்றுக்கு முன்னால் இழுத்துவிட்டாள். நான் இத்தனை காலம் பார்த்த வேலை அது, எனக்கு மறைக்க முடியுமா? "எத்தினை மாதம்?" என்று மட்டும் கேட்டேன்.

"நாலு முடியப்போகுது. கோவிக்காதேங்கோ மிஸ்."

"டொக்டர் சொன்னது ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு. போன முறையும் உப்பிடித்தான் சொன்னவை, தப்பினனான்தானே." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். "மூத்தவளின்ர முப்பத்தொண்டுக்கு மச்சாள் வீட்டை பஞ்சாயுதம் இரவல் வாங்கிப் போட்டு, படம் எடுத்திட்டு, அண்டைக்கே கழட்டிக் குடுத்தனாங்கள். சின்னவளுக்கு அதுவும் இல்லை, வெறும் நூல்தான். வந்த சனம் கழுத்தைத்தான் பாத்தது. மூண்டாவதுக்காவது சொந்தமா ஒண்டு கிடக்கட்டுமெண்டு நினைச்சன்."

அவளுடைய மாமியார் உள்ளேயிருந்து வந்து, "மிஸ், உங்கட படமும் போட்டிருந்ததுதானே. நீங்களே நிண்டு செய்யிற காரியமெண்டா பயமில்லையெண்டுதான் நானும் இவளுக்குச் சொன்னனான்" என்றாள். அந்த மனுசி அதைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பித்தான் சொன்னாள். சின்னவள் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்து தந்தாள். என் ஆயுள் முழுக்க வீடு வீடாகப் போய் நான் சம்பாதித்தது ஒன்றே ஒன்றுதான், மிஸ் சொன்னால் நம்பலாம் என்கிற பெயர். அதை எடுத்து நீ உன் அறிவித்தலில் ஒட்டினாய். ஒரு பிள்ளைக்கு முப்பத்தொன்றில் கழுத்து வெறுமையாக இருந்தால் அந்தத் தாய் எப்படிக் குன்றிப்போவாள் என்று உனக்குத் தெரியும், நீயும் இந்த ஊர்ப்பிள்ளைதானே. தெரிந்துதான் வேறு எதையும் எடுக்காமல் பஞ்சாயுதத்தை எடுத்தாய். கூட்டத்தில் எல்லோரும் உன் யோசனைக்குக் கைதட்டியிருப்பார்கள். யார் வீட்டுக்குள் அது போய் என்ன செய்யும் என்று ஒருவராவது கேட்டீர்களா?

அடுத்த நாளே அவளைக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர்மார் தங்களால் ஆனதெல்லாம் செய்தார்கள், ஒருவரையும் நான் குறை சொல்லமாட்டேன். மாத்திரை கொடுத்தார்கள், படுக்கவைத்தார்கள், வீட்டுக்கு விட்டுத் திரும்பவும் எடுத்தார்கள். புருசன் வாடைக் காற்றோடு வேறு கரைக்குத் தொழிலுக்குப் போயிருந்தான், செய்தி கேட்டு ஓடி வந்தான். வயிற்றில் பிள்ளை வளர வளர அவளுக்கு மூச்சு எடுக்க ஏலாமல் போனது. நிமிர்த்தி இருத்தி வைத்தால்தான் மூச்சு, படுத்தால் இல்லை. ஏழாம் மாதத்தில் பிள்ளையை எடுக்கவேண்டி வந்தது. ஆண்பிள்ளை. கொஞ்ச நேரம்தான் இருந்தது. சந்திராவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள், இருப்பாளா போவாளா என்று தெரியாமல் நாங்கள் வெளியே வாங்கில் இருந்தோம். நீ போன் எடுத்து ஊசியை நிப்பாட்டுங்கோ என்று சொன்னது அந்தக் கிழமைதான். நான் அப்போது உனக்குச் சொல்லவில்லை.

அதனால் இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். வியாழக்கிழமைக் கிளினிக் நிற்காது. சங்கம் மருந்துப் பணத்தை நிறுத்தினால் டொக்டரம்மாவும் நானும் ஊருக்குள் கையேந்துவோம், அதில் எங்களுக்கு வெட்கம் இல்லை. அந்த வீடும் வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், நம் வீட்டு முன் அறையில் நடத்துவேன். உன் படம் மாட்டியிருக்கிற சுவர்ப் பக்கமாகத் திரையைக் கட்டலாம், இடம் தாராளமாகக் காணும். உங்கள் விழா மேடைக்கு நான் வரமாட்டேன். அறிவித்தலில் இருந்து என் படத்தை இன்றைக்கே எடு. சனத்தைக் கூட்டவேண்டும் என்ற ஆசை உண்மை என்றால், பிறந்தவை சாகாமல் இருக்கவும், பெற்றவள் சாகாமல் இருக்கவும், பெற விரும்பி ஏலாமல் இருக்கிறவள் பெறவும் ஏதாவது செய்யுங்கள், அதற்கு நான் காலில் செருப்பில்லாமலும் வருவேன். விடுமுறைக்கு வா, பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா, கணவாய்க் கறி வைத்துத் தருவேன். கோபம் வேறு, நீ வேறு. ஆனால் வந்து இறங்கியதும் முதலில் என்னோடு குச்சவெளிக்கு வரவேண்டும்.

நேற்று அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வார்ட்டுக்கு மாற்றியிருந்தார்கள். தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள், கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. புருசன் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான், அவனைத் தேத்தண்ணி வாங்க அனுப்பிவிட்டாள். இனியொரு பிள்ளை வேண்டாம் மிஸ், அந்த ஒப்பரேசனைச் செய்துவிடச் சொல்லுங்கோ, அவரும் ஓமெண்டிட்டார் என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு இருந்தேன். பிறகு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மிஸ், பிள்ளை இல்லாட்டி அந்தச் சங்கிலி தரமாட்டினமோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் அவசரப்பட்டு என் கையைப் பிடித்தாள். "எனக்கில்லை மிஸ். மூத்தவளுக்குப் போடலாமெண்டுதான். அவள் உயிரோட இருக்கிறாள்தானே."

மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நாளைக்குப் பின்னேரம் நோயாளர் பார்க்கிற நேரத்துக்குத் திரும்பவும் போவேன், அவள் கேட்பாள். அவளுக்கு நான் என்ன சொல்லவேண்டும் என்று எழுது. குழுவில் எல்லோரும் பார்க்க எழுது.

அம்மா